எந்தக் கடையில் கை நனைப்பது?

எடிசன், நியூஜெர்சி

எடிசனில் சாப்பாட்டுக்குப் பஞ்சம் கிடையாது. ஓக் ட்ரீ சாலையில் நின்றால் ஒரு கடையில் தோசை, அடுத்த கடையில் டோக்ளா, நடுவில் ஒரு நகைக்கடை. திருநெல்வேலிக்காரன் கண்ணைக் கட்டி இறக்கிவிட்டாலும் பட்டினி கிடக்க மாட்டான். என் அக்கா மகள் மட்டும் கிடப்பாள். கல்லூரியில் படிக்கிறாள். எந்தச் சாப்பாட்டுக் கம்பெனி தன் லாபத்தில் யாருக்கு நன்கொடை கொடுக்கிறது என்று பார்த்துத்தான் உள்ளே காலை வைப்பாள். ஃப்ரிட்ஜ் கதவில் அவள் கையெழுத்தில் ஒரு பட்டியல் தொங்கியது. பச்சை மையில் சில பெயர்கள், சிவப்பு மையில் சில.

"சாப்பிடப் போறோமா, சிபிஐ ரெய்டுக்குப் போறோமான்னே தெரியல மாப்ளே" என்றார் அத்தான். அவருக்கு மிகவும் பிடித்த கோழி சாண்ட்விச் சிவப்பு மையில் இருந்தது.

2023 அக்டோபரில் நீண்ட வார விடுமுறை வந்தது. வெர்மான்ட் போய் இலை நிறம் மாறுவதைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். வண்டி ஓட்டுவது அத்தான், கட்டுச்சோறு அக்கா, வழியில் எங்கே நிறுத்திச் சாப்பிடுவது என்பது மகள் பொறுப்பு. அப்போது புரட்டாசி. அக்கா அசைவத்தைத் தொட மாட்டாள். அதை வீட்டில் யாரும் கேள்வி கேட்டதில்லை. "அம்மா சாமிக்காகச் சாப்பிடாம இருந்தா விரதம், நான் மனுஷங்களுக்காகச் சாப்பிடாம இருந்தா வம்பா மாமா?" என்று மகள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

நம் ஊரில் இது புதிதும் இல்லை. பங்காளிச் சண்டை வந்தால் முதலில் வரும் அறிவிப்பே, "அவன் வீட்டுல இனி கை நனைக்க மாட்டேன்" என்பதுதானே. கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பழக்கத்துக்கு ஓர் அசிங்கமான முகமும் உண்டு. யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்று சாதி பார்த்ததும், டீக்கடையில் தனி கிளாஸ் வைத்ததும் இதே கைதான். அதனால் எந்தக் கடையில் சாப்பிட மாட்டேன் என்று யார் சொன்னாலும் எனக்குச் சற்று உஷார் வந்துவிடும். இவள் ஒதுக்குவது தன்னைவிட வலியவனை. அந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

ரெட் பேங்க்

கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் தெற்கே போகும்போது, சாலையோர இளைப்பாறும் இடம் ஒன்றுக்கு ஜான் பான் ஜோவியின் பெயர் வைத்திருக்கிறார்கள். ராக் பாடகர்; பக்கத்தில் இருக்கும் சேர்வில்லில் வளர்ந்தவர். நம் ஊரில் தலைவர்களுக்குப் பேருந்து நிலையம். அங்கே பாடகருக்குக் கழிப்பறையும் காபிக்கடையும். வடக்கே வெர்மான்ட் போகும் முன், மகள் எங்களைத் தெற்கே திருப்பிக் கூட்டிப்போனது அவருடைய இன்னொரு இடத்துக்கு.

ரெட் பேங்க் நேவசிங்க் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். ஜாஸ் மேதை கவுன்ட் பேஸி பிறந்த ஊர். அங்கே 2011-இல் பான் ஜோவியும் மனைவி டோரதியாவும் தங்கள் அறக்கட்டளையின் பெயரில் 'சோல் கிச்சன்' என்ற உணவகத்தைத் திறந்தார்கள். அதற்கு முன் அந்தக் கட்டடம் கார் பட்டறையாக இருந்ததாம். உள்ளே நுழைந்தால் அந்த அடையாளம் ஏதும் இல்லை. மர மேசைகள், மஞ்சள் விளக்கு, சுடச்சுட ரொட்டி வாசம். வெளியே தோட்டத்தில் கீரையும் மூலிகையும் வளர்க்கிறார்கள்.

மெனு அட்டையில் விலை இல்லை. சூப் அல்லது சாலட், பிறகு ஒரு முதன்மை உணவு, கடைசியில் இனிப்பு. இவ்வளவு தந்தால் உங்கள் சாப்பாட்டுச் செலவுக்குச் சரியாகும் என்று ஒரு தொகையைச் சொல்கிறார்கள். இருப்பவர் கூடுதலாகப் போடலாம். அது அடுத்த மேசையில் இருப்பவரின் சாப்பாடு. இல்லாதவர் பாத்திரம் கழுவியோ, மேசை துடைத்தோ, தோட்டத்தில் களை பிடுங்கியோ ஈடு செய்யலாம். தெரியாதவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது அவர்கள் வழக்கம்.

எங்கள் மேசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். நல்ல சட்டை, சவரம் செய்த முகம். பூசணி சூப்பை ஊதி ஊதிக் குடித்தபடி, மீன் பிடிக்க எந்தப் பாலம் நல்லது என்று அத்தானுக்கு விளக்கினார். அத்தான் ஜென்மத்தில் மீன் பிடித்ததில்லை, ஆனால் கேட்டுக்கொண்டார். அக்காவுக்குக் காய்கறி மட்டும் வைத்து ஒரு தட்டு வந்தது. "உப்பு கம்மி, ஆனா பக்குவமா வதக்கிருக்கான்" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

இனிப்பு முடிந்ததும் அந்த மனிதர் எழுந்தார். தன் தட்டையும் எங்கள் தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். சமையலறை வாசலில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக் கழுத்தில் மாட்டி, முதுகுப் பக்கம் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். உள்ளே போய்விட்டார். அவர் சேவை செய்ய வந்தவரா, சாப்பாட்டுக்கு ஈடாக வேலை செய்கிறவரா? கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருக்கும்படிதான் எல்லாம் அமைத்திருக்கிறார்கள். கொடுக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் ஒரே ஏப்ரன்.

சிங்கப்பூர் அன்னலட்சுமியில் நான் சாப்பிட்டிருக்கிறேன். வயிறாரச் சாப்பிட்டு மனசுக்குத் தோன்றியதைக் கொடுக்கும் இடம் அதுவும். வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே யாரும் கணக்கே கேட்பதில்லை. ரெட் பேங்க் அந்த வரிசையில்தான் வரும். ஒரு வித்தியாசம், இங்கே சும்மா வாங்கிக்கொள்ளக் கூச்சப்படுகிற அமெரிக்கனுக்காக வேலை என்ற கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பசியைவிடக் கூச்சம் கொடுமையானது என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

எல்லா இடத்திலும் இது நடந்துவிடவில்லை. பனேரா என்ற பெரிய ரொட்டிக்கடைக் கம்பெனி 2010-இல் மிசூரியில் இதே மாதிரி விலையில்லாக் கடையைத் தொடங்கி, வேறு சில நகரங்களுக்கும் கொண்டுபோனது. 2019-க்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டது. வருமானம் செலவுக்குக் கட்டவில்லை. பான் ஜோவியின் கடைக்குப் பின்னால் பாட்டு விற்ற பணம் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மன்ஹாட்டன்

சனிக்கிழமை நகரத்துக்குள் நுழைந்ததும் அத்தான் கேட்டார்: "முப்பத்தேழாம் தெருப் பக்கம் போவோமா?" ஆறாவது அவென்யூவும் முப்பத்தேழாம் தெருவும் சேரும் மூலையில், அத்தானின் அந்தக் கோழி சாண்ட்விச் விற்கும் சிக்-ஃபில்-ஏ இருக்கிறது, 2015-இல் திறந்தது. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்தச் சண்டையின் கதை இது. ஜார்ஜியா மாநிலத்துக்காரர் ட்ரூயெட் கேத்தி, 1946-இல் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்தார். 1967-இல் சிக்-ஃபில்-ஏ என்ற பெயரில் முதல் கடை. பக்தியுள்ள பாப்டிஸ்ட் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை என்று வைத்த விதி இன்றும் மாறவில்லை. குடும்பத்தின் அறக்கட்டளை அநாதைப் பிள்ளைகளை வளர்த்தது, மாணவர்களுக்கு உதவித்தொகை தந்தது. அதே பணப்பையிலிருந்து ஒருபால் திருமணத்தை எதிர்க்கும் அமைப்புகளுக்கும் பணம் போனது. 2012-இல் மகன் டான் கேத்தி இது குறித்து வெளிப்படையாகப் பேச, நாடே இரண்டாகப் பிரிந்தது. அந்த ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ஆதரவாளர்கள் கடை வாசல்களில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று சாண்ட்விச் வாங்கினார்கள். இரண்டு நாள் கழித்து எதிர்ப்பாளர்கள் அதே வாசல்களில் முத்தமிட்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ஒரு கோழித்துண்டு, இரண்டு ஊறுகாய் வில்லை, ஒரு பன். அதைத் தின்றால் ஒரு கட்சி, தின்னாவிட்டால் மறு கட்சி.

2019 நவம்பரில் கம்பெனி தன் அறக்கட்டளையின் கொடையை இனிமேல் கல்வி, வீடின்மை, பசி ஆகிய மூன்றுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. எதிர்ப்பாளர்கள் நம்பவில்லை, ஆதரவாளர்கள் துரோகம் என்றார்கள். "இப்பதான் நிறுத்திட்டாங்களே?" என்றார் அத்தான். "என் ரூம்மேட் சின்ன வயசுல அந்த வரிசையை டிவில பார்த்தா, அப்பா. அவ பக்கத்து வீட்டுக்காரங்களும் அதுல நின்னாங்க" என்றாள் மகள். அதற்குமேல் யாரும் பேசவில்லை. கொடையைத் திருத்திக்கொள்ளலாம், வரிசையில் நின்றவர்களை அந்தப் பெண் மறப்பாளா?

பேச்சு அடங்க, லெக்சிங்டன் அவென்யூவில் இருக்கும் சரவண பவனுக்குப் போனோம். அங்கேயும் வரிசை. நெய் ரோஸ்ட், சாம்பார் வடை, ஃபில்டர் காபி. அக்காவுக்கு முதன்முறையாக முகம் மலர்ந்தது. மகள் சட்னியைத் தொட்டபடி கேட்டாள்: "மாமா, இங்கே மட்டும் யாரும் எதுவும் கேக்கறதில்லையே, ஏன்?"

நியாயமான கேள்விதான். திருச்செந்தூர்ப் பக்கம் புன்னையடி என்ற கிராமத்தில் பிறந்து, 1981-இல் சென்னை கே.கே. நகரில் முதல் கடை போட்டவர் ராஜகோபால். தொழிலாளிகளுக்குத் தங்குமிடம், மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர். 'அண்ணாச்சி' என்று அவர்கள் உருகினார்கள். அவரே 2001-இல் நடந்த ஓர் இளைஞரின் கொலையில் குற்றவாளி என்று நிரூபிக்கப்பட்டவர். 2009-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது, 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, அந்த ஜூலையில் அவர் இறந்தார். இதற்கிடையில் எந்த ஊரிலும் ஒரு கிளையிலாவது கூட்டம் குறைந்ததாக நான் கேள்விப்படவில்லை. நானும் ரோஸ்ட்டை மிச்சம் வைக்கவில்லை. நாக்கு பழகிய இடத்தில் நாம் விசாரணை வைப்பதில்லை. அமெரிக்கர்களின் கோழி அரசியலைப் பார்த்துச் சிரிக்கும் நம்மவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

யாங்கர்ஸ்

நகரத்தைத் தாண்டி வடக்கே, ஹட்சன் ஆற்றை ஒட்டி யாங்கர்ஸ். எதிர்க்கரையில் பாலிசேட்ஸ் பாறைகள் சுவர் வைத்ததுபோல் நிற்கின்றன. கரையோரத் தெருவில் கிரேஸ்டன் பேக்கரி. வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சின்னத்தை வடிவமைத்த மாயா லின்தான் இந்தக் கட்டடத்தையும் வடிவமைத்தார். கார்க் கதவைத் திறந்ததுமே சாக்லேட் வாசம் மூக்கில் ஏறியது. வாங்கிச் சாப்பிட அங்கே கடை இல்லை. பார்க்கத்தான் வந்தோம், அத்தான் அதற்கும் முணுமுணுத்தார்.

1982-இல் இதைத் தொடங்கிய பெர்னி கிளாஸ்மன் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், விமானக் கம்பெனியில் பொறியாளராக இருந்து ஜென் குருவானவர். தியானக் கூட்டத்துக்குச் சோறு போட ஆரம்பித்த பேக்கரி, பிறகு ஊரில் யாரும் வேலை தராத ஆட்களுக்கு வேலை தரும் இடமாக மாறியது. வாசலில் ஒரு பட்டியல். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிட்டுப் போகலாம். நேர்காணல் இல்லை, சான்றிதழ் இல்லை, சிறைக்குப் போனவரா என்ற கேள்வி இல்லை. இடம் காலியானால் பட்டியலில் அடுத்த பெயர். சில மாதப் பயிற்சியில் தேறினால் வேலை நிரந்தரம்.

வெளியே சிகரெட் பிடிக்க வந்த ஓர் ஊழியரோடு பேச்சுக் கொடுத்தேன். வலைத்தொப்பி, மாவு படிந்த காலணி. இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "காலையில நேரத்துக்கு வரணும். அவ்வளவுதான் கேக்கறாங்க. ஆனா அதுதான் கஷ்டம்" என்று சிரித்தார். பிறகு பிரவுனி விலா எலும்புவரை மணக்கும், வீட்டில் பிள்ளைகள் மோந்து பார்ப்பார்கள் என்றார்.

இங்கே செய்யும் பிரவுனி வெர்மான்ட்டுக்குப் போய் பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீமில் விழுகிறது. முதல் தடவை அனுப்பியபோது துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டதாகவும், உடைத்துப் போட்டதில்தான் அந்தப் புகழ்பெற்ற ஃப்ளேவர் பிறந்ததாகவும் சொல்வார்கள். மகளின் பட்டியலில் இந்தப் பேக்கரி இல்லை. நன்கொடை கொடுக்கும் கம்பெனிகளைத்தான் அவள் எழுதியிருந்தாள். இவர்கள் கொடுப்பது சம்பளம். ஆற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பட்டியலில் இன்னொரு பத்தி போடணும் என்றாள்.

வெஸ்ட்போர்ட், கனெக்டிகட்

அன்றிரவு அத்தானின் நண்பர் வீட்டில் தங்கினோம். பணக்கார ஊர். நடிகர் பால் நியூமன் வாழ்ந்து, 2008-இல் மறைந்த ஊர். கிறிஸ்துமஸுக்கு நண்பர்களுக்குக் கொடுக்க அவர் பழைய ஒயின் பாட்டிலில் அடைத்த சாலட் டிரெஸ்ஸிங், 1982-இல் 'நியூமன்ஸ் ஓன்' என்ற கம்பெனியாயிற்று. லாபம் முழுதும் தானம். ஐந்து சதவீதம் பத்து சதவீதம் இல்லை, நூற்றுக்கு நூறு. இதுவரை அறுபது கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். கடுமையான நோய் வந்த பிள்ளைகளுக்காக இதே மாநிலத்தில் 1988-இல் ஒரு முகாமும் கட்டினார்.

அறக்கட்டளை ஒரு வியாபாரத்தை முழுதாகச் சொந்தமாக வைத்திருக்க அமெரிக்கச் சட்டம் இடம் தராமல் இருந்தது. 2018-இல் சட்டத்தையே திருத்தி, லாபம் முழுவதையும் தானம் செய்கிற இப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு விலக்கு அளித்தார்கள். இதே நியூமன் 2003-இல் மெக்டொனால்ட்ஸுக்கு டிரெஸ்ஸிங் விற்றார், 2005 முதல் இந்தப் பக்கத்து மெக்டொனால்ட்ஸ்களில் அவர் பெயர் போட்ட காபியும் விற்றது. பட்டியலில் சிவப்பில் இருந்த கடையில் பச்சையில் இருந்த பெயர். மகள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஐ-91, வடக்கே

ஞாயிற்றுக்கிழமை நியூ ஹேவனில் பிட்சா. 1925-இல் தொடங்கிய ஃபிராங்க் பெப்பே கடையின் நிலக்கரி அடுப்பில் ஓரம் கருகிய தக்காளிப் பிட்சா, புரட்டாசிக்குப் பழுதில்லை. இங்கே யார் என்ன கொடை கொடுக்கிறார் என்று மகள்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு ருசி.

ஹார்ட்ஃபர்ட் தாண்டியதும் மகளுக்கு அப்பா மேல் இரக்கம் வந்துவிட்டது. "ஒரு தடவை சாப்பிட்டுக்கோங்கப்பா, நான் கார்ல இருக்கேன்" என்றாள். அத்தான் சந்தோஷமாக நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சிவப்பு எழுத்துப் பலகை முன் வண்டியை நிறுத்தினார். வாகன நிறுத்துமிடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை! "புரட்டாசி உங்களுக்கும் சேத்துதான்" என்று அக்கா சிரித்த சிரிப்பு மாசசூசெட்ஸ் எல்லைவரை ஓயவில்லை. இந்த விடுமுறை விதி அரசியலிலும் புகுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் சட்டசபையில், நெடுஞ்சாலை இளைப்பாறும் இடங்களில் கடை வைப்பவர்கள் வாரம் ஏழு நாளும் திறக்க வேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. யாரை மனதில் வைத்து என்று சொல்லத் தேவையில்லை.

சாயங்காலம் காபிக்கு ஒரு வெண்டீஸ் முன் நின்றோம். பட்டியலில் இது பளிச்சென்ற பச்சை. நிறுவனர் டேவ் தாமஸ் தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர். 1992-இல் தத்தெடுப்புக்கென்றே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அரசுக் காப்பகங்களில் வளரும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதன் உதவியால் வீடு சேர்ந்திருக்கிறார்கள். குறை சொல்ல எதுவும் இல்லாத கொடை.

மகள் போனில் எதையோ தேடிப் படித்தாள். முகம் மாறியது. ஃபுளோரிடாவில் இம்மோகலி என்ற ஊரின் தக்காளித் தொழிலாளர்கள், ஒரு பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடக் கொடு, வயலில் அடிமைத்தனமும் பெண்கள் மீதான அத்துமீறலும் இல்லை என்று உறுதி செய் என்று கேட்டு, 2001-இல் டாக்கோ பெல்லைப் புறக்கணிக்க அழைத்தார்கள். நான்கு ஆண்டுகளில் அது பணிந்தது. பிறகு மெக்டொனால்ட்ஸ், பர்கர் கிங், சப்வே, 2014-இல் வால்மார்ட் என்று ஒவ்வொன்றாகக் கையெழுத்திட்டன. பெரிய பர்கர் கம்பெனிகளில் கையெழுத்திடாமல் நின்றது வெண்டீஸ். 2016-இல் அதற்கு எதிராகவும் புறக்கணிப்பு அறிவித்தார்கள்.

"அப்ப இப்ப சாப்பிடலாமா, கூடாதா?" என்றார் அத்தான், நிஜமான குழப்பத்தோடு. அநாதைக்கு வீடு தேடித் தரும் கம்பெனி, தக்காளி பறிக்கிறவளுக்கு ஒரு சென்ட் தர மறுக்கிறது. இதை எந்த மையால் எழுதுவது? அக்கா பின்சீட்டிலிருந்து எவர்சில்வர் தூக்கை எடுத்தாள். வெண்டீஸ் வாகன நிறுத்துமிடத்தில், கார்க் கதவைத் திறந்துவைத்து, புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம்.

மான்ட்பீலியர்

வெர்மான்ட்டுக்குள் நுழைந்ததும் கண்ணுக்குச் சட்டென்று புரியாத ஒரு நிம்மதி. அரை மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது: சாலையோரத்தில் ஒரு விளம்பரப் பலகைகூட இல்லை. 1968-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். ஃப்ளெக்ஸ் பேனருக்கு நடுவே சாலையைத் தேடும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இது வேறு கிரகம். மலை முழுக்க மேப்பிள் மரங்கள். குங்குமம், மஞ்சள், செங்கல் பொடி நிறத்தில் இலைகள். சாயங்கால வெயில் பட்டபோது அக்கா காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றாள். போட்டோ எடுக்கவில்லை, சும்மா நின்றாள்.

தலைநகர் மான்ட்பீலியரில் சுமார் எட்டாயிரம் பேர்தான். அமெரிக்க மாநிலத் தலைநகரங்களில் மெக்டொனால்ட்ஸ் இல்லாத ஒரே ஊர் இது. அந்த ஜூலையில் வந்த வெள்ளம் கடைத்தெருவை மூழ்கடித்திருந்தது. அக்டோபரிலும் சில கண்ணாடிகளில் சேற்றுக் கோடு, சில கதவுகளில் 'விரைவில் திறப்போம்' அட்டை. காலையில் பான்கேக் சாப்பிட்ட கடையின் அம்மாள், தண்ணீர் எதுவரை வந்தது என்று கல்லாவில் கைவைத்துக் காட்டினார். "யார் யாரோ மண்வெட்டியோட வந்தாங்க. யாரும் பேர் சொல்லல. இன்னிக்கும் சில பேரைத் தெருவுல பார்த்தா முகம் மட்டும் தெரியுது." பான்கேக்கின் மேல் ஊற்றிய பாகு உள்ளூர்ச் சரக்கு. நாற்பது லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் கிடைக்கும். நம் பதநீர் காய்ச்சும் மணம் லேசாக அடித்தது.

கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சம் மறைய 'உபயம்' எழுதிப் பழகிய எனக்கு, பேர் சொல்லாமல் போன அந்த மண்வெட்டிக்காரர்கள்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

வாட்டர்பெரி

மான்ட்பீலியரிலிருந்து வாட்டர்பெரிக்குப் பதிமூன்று மைல். மேட்டின்மேல் பென் அண்ட் ஜெர்ரிஸ் ஆலை, சுவரெல்லாம் மாடும் மேகமும். 1978-இல் பர்லிங்டனில் ஒரு பழைய பெட்ரோல் பங்கில் இரண்டு பள்ளித் தோழர்கள், அஞ்சல் வழியில் ஐந்து டாலர் பாடம் படித்துவிட்டு ஆரம்பித்த ஐஸ்கிரீம் கடை. 1985-இல் அறக்கட்டளை, வரிக்கு முந்தைய லாபத்தில் ஏழரை சதவீதம் அதற்கு. 2000-இல் யூனிலீவர் 32.6 கோடி டாலருக்கு வாங்கியபோதும் சமூகக் கொள்கையைத் தனி இயக்குநர் குழுவே பார்க்கும் என்று எழுதி வாங்கினார்கள். அந்த எழுத்துக்கு இப்போது மதிப்பில்லை என்று சொல்லி 2025 செப்டம்பரில் ஜெர்ரியே விலகிவிட்டார்.

ஆலைக்குப் பின்னால் ஒரு கல்லறைத் தோட்டம். விற்காமல் போன ஃப்ளேவர்களுக்கு நிஜக் கல்லறைக் கல் நட்டு இரங்கற்பா எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். அங்கே 'ரெயின்ஃபாரஸ்ட் கிரஞ்ச்' என்ற கல் முன் மகள் நின்றாள். 1989-இல் வந்தது. அமேசான் காட்டு மக்கள் சேகரிக்கும் பருப்பை வாங்கி அவர்களையும் காட்டையும் காப்பது என்று டப்பாவிலேயே எழுதி விற்றார்கள். தேவைப்பட்ட அளவைக் காட்டு மக்களின் கூட்டுறவால் தர முடியவில்லை. பெரும்பங்கு பருப்பு வழக்கமான வியாபாரிகளிடமிருந்து வந்தது. வாங்கியவர்கள் காட்டைக் காத்த நினைப்பில் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தார்கள்.

யாங்கர்ஸ் பிரவுனி போட்ட கோன் வாங்கினோம். அக்கா உள்பட நான்கு பேரும் பேசாமல் சாப்பிட்டோம். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்தப் பதிமூன்று மைலை 2017 ஜூனில் நடந்தே வந்தவர்கள் உண்டு. வெர்மான்ட்டின் பால் பண்ணைகளில் மாடு கறப்பவர்களில் பெரும்பகுதி மெக்சிகோவின் தெற்கிலிருந்து வந்தவர்கள். பருவகால விவசாய வேலைக்குத்தான் அமெரிக்கா விசா தருகிறது. மாடு வருஷம் முழுவதும் கறக்கும். ஆகவே இவர்களுக்குக் காகிதம் கிடையாது, காகிதம் இல்லாததால் வாயும் கிடையாது. 'மைக்ரன்ட் ஜஸ்டிஸ்' என்ற தொழிலாளர் அமைப்பு சில ஆண்டுகள் இந்தக் கம்பெனியின் கதவைத் தட்டியது. உலகத்தில் நடக்கும் எல்லா அநீதியையும் கண்டிக்கிறீர்கள், உங்கள் பால் யார் கையால் வருகிறது என்று பார்த்தீர்களா என்பதே அவர்கள் கேள்வி. அந்த அக்டோபரில் கம்பெனி கையெழுத்திட்டது. பண்ணைகளுக்குப் பாலுக்கு மேல்தொகை. பதிலுக்குப் பண்ணைகள் நடத்தை விதிகளை ஏற்க வேண்டும். கண்காணிக்கத் தனி அமைப்பு. வழிகாட்டி, இம்மோகலித் தக்காளிக்காரர்களின் ஒப்பந்தம்தான்.

அறக்கட்டளையின் ஏழரை சதவீதம் பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பயணத்தில் நான் பார்த்த கொடைகளில், ரெட் பேங்க் மேசையைத் தவிர, இந்த ஒப்பந்தத்துக்கு ஈடாக எதையும் வைக்க மாட்டேன். இது கொடையே இல்லை என்பதுதான் காரணம். லாபம் எடுத்த பிறகு கிள்ளிக் கொடுப்பதைக் கொடுப்பவன் நாளை நிறுத்தலாம், திசை திருப்பலாம், சிக்-ஃபில்-ஏ போல மூன்று தலைப்புக்குள் சுருக்கலாம். கூலியில் ஏறியதை அப்படிப் பிடுங்க முடியாது. மகளிடம் இதைச் சொன்னேன். "அப்ப பச்சைக்கும் சிவப்புக்கும் பதிலா கூலியை எழுதணுமா மாமா? அதை எந்தக் கம்பெனி வெளியில சொல்லும்?" என்றாள். சொல்ல வைத்தவர்கள் இந்தச் சாலையில் நடந்து வந்தவர்கள்தான்.

ஒப்பந்தத்தில் அவர்கள் கேட்டுப் பெற்றவை இவை: மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி, இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் தொடர்ந்து எட்டு மணி நேர ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை, தங்குமிடத்தில் படுக்க ஒரு கட்டில், மின்சாரம், சுத்தமான தண்ணீர். 2017-இல், அமெரிக்காவில், முப்பதாண்டுகளுக்கு மேல் தர்மம் செய்து பேர் வாங்கிய ஒரு கம்பெனியின் பாலுக்கு, இதை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.